இரண்டு சீட்டுக் காருக்கு டேப் வைத்தது

நாமக்கல்லில் லாரிக்கு வயரிங் செய்கிறவர்கள் அன்றைக்கே நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் டிரைவர் தலைக்கு மேல் பெட்டி கட்டி, அதில் டேப்பை உட்கார வைத்து, வண்டி பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் பாட்டு திக்காமல் ஓட வைத்தது நான்தான். கல்கத்தா வரைக்கும் போய்வருகிற லாரிகள் என் கடை வாசலில் வரிசையாக நின்றிருக்கின்றன. நான் மூன்றாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கிளீனராக லாரியில் ஏறி, டிரைவர்கள் திட்டத் திட்ட வயர்களைப் பிரித்துப் பார்த்துத் தொழிலைப் பிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்ட் லைட் இருக்கும். சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு வயர். ஒரு வயரின் முனையில் கிளிப், மற்றதில் ஊசி. கிளிப்பை வண்டியின் இரும்பில் கடிக்கவிட்டு, ஊசியால் ஒரு வயரைக் குத்தினால், அதில் கரண்ட் இருந்தால் பல்பு எரியும். இல்லையென்றால் எரியாது. இதற்கு மேல் இந்தத் தொழிலில் படிக்க ஒன்றுமில்லை என்று, சர்டிபிகேட்டோடு வேலை கேட்டு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமை காலை அந்தக் கார் வந்தது. சிவப்பு நிறம், துணிக் கூரை, இரண்டே சீட்டு. முன்பக்கம் நீளமாக, பின்பக்கம் குட்டையாக, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு போகும் சீமைக் கார். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்காரர் வைத்திருந்து விற்றதை, எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர் ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். ஆள் நல்ல உயரம். கதவைத் திறந்து காலை வெளியே வைத்து, கையை ஊன்றி எழுவதற்குள், பக்கத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பலகை அறுத்துக்கொண்டிருந்த ஆசாரிகள் எல்லாம் ரம்பத்தை வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, இதுல தீவன மூட்டைய எங்க வெப்பீங்க?" என்றார் ஒரு ஆசாரி.

"உங்க தலையிலதான்" என்றார் பண்ணைக்காரர். சிரிக்கவில்லை. சட்டென்று கோபம் வரும் ஆள் என்று முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன்.

கார் வரும்போதே பாடிக்கொண்டுதான் வந்தது. கம்பெனியிலேயே வைத்துவிட்ட பழைய வால்வு ரேடியோ. திருகி, சூடாகும் வரை காத்திருந்தால், திருச்சி நிலையம் இரைச்சலோடு வரும். அதைக் கழற்றிவிட்டு டேப் வைக்க வேண்டும் என்றார். அட்டைப் பெட்டியைப் பிரித்து என் மேஜையில் வைத்தார். ஜப்பான் சாமான். பட்டன்கள் வெள்ளியாய் மின்னின.

"என் மச்சினன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது" என்றார். "நல்லதா, அங்க யாரோ ஒதுக்கித் தள்ளுனதான்னு பாத்துச் சொல்லுங்க மேஸ்திரி."

"பாத்தாலே தெரியுதுங்களே, புதுசுங்க."

"அவன் கொடுத்ததுல எனக்கு எதுவும் பாத்தாலே தெரியறதில்ல."

அந்த மச்சினன் கதை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. பண்ணைக்காரர் மகள் பெரிய பெண் ஆனபோது, தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவர் அவர். சிங்கப்பூரில் வேலை, வர முடியவில்லை என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. மச்சினனின் பங்காளி ஒருவரைத் தாய்மாமன் இடத்தில் நிறுத்திச் சீர் நடந்தது. எங்கள் பக்கத்தில் அது சாதாரண விஷயமில்லை. ஐந்து வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பண்ணைக்காரர் மனைவி தன் தம்பி பேரைச் சொன்னாலே வீட்டில் சோறு இறங்காது என்பார்கள். இப்போது அந்த மச்சினன் ஊர் திரும்பி வாழப்பாடியில் கடை வைத்துவிட்டார். இந்த டேப்பைக் கொடுத்தனுப்பி, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு விருந்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். 

"வண்டியில வெச்சு, பாட்டுப் போட்டு, அவனை உக்கார வெச்சு ஒரு சுத்துச் சுத்தோணுமாம். ஊட்டுல நச்சரிக்கறா" என்றார். "பாடலீன்னு வெச்சுக்குங்க, ஞாயித்துக்கெழம சோத்துக்கு முன்னாடி அதை அவன் மடியிலயே திருப்பி வெச்சுருவேன்."

"மதியத்துக்குள்ள பாடுமுங்க. லாரிக்கே பாட வெக்கறேன், இதென்ன" என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக டேப் வைத்தால், முதல் பட்டனை வண்டி முதலாளிதான் அமுக்க வேண்டும். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முதலில் சாமி பாட்டு. அதற்கு முன் வயரிங்காரன் பாட்டுப் போடக்கூடாது. நான் எப்போதும் போடுவேன். முதலாளி பழம் வாங்கப் போகிற நேரத்தில் ரகசியமாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, கேசட்டைப் பழைய இடத்துக்குச் சுற்றி வைத்துவிடுவேன். அதனால்தான் என் கடையில் ஒரு முதலாளிகூட முதல் பட்டனை அமுக்கி ஏமாந்ததில்லை.

வேலை சுத்தமாக நடந்தது. பழைய ரேடியோ ஆட்டுக்கல் கனம் இருந்தது. அதைக் கழற்றிய ஓட்டை புது டேப்புக்குப் பெரிதாக இருந்ததால், ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் ஒரு முகப்புப் பலகை செய்து வாங்கினேன். லாரிக்குப் பலகை அடிக்கிற கைதான், ஆனால் அந்தக் காரோடு பிறந்தது மாதிரி பொருந்தியது. ரேடியோவுக்கு வந்த வயரில் ஊசியைக் குத்தினேன், கிளிப்பை இரும்பில் கடிக்கவிட்டேன். பல்பு எரிந்தது. டேப்பின் சிவப்பு வயரை அதில் சேர்த்தேன், கருப்பு வயரை வண்டியின் இரும்பில் முறுக்கினேன். ஆயிரம் லாரிக்கு இப்படித்தான் செய்திருக்கிறேன்.

பண்ணைக்காரர் பழம் வாங்கக் கடைவீதிக்குப் போனார். நான் பட்டனை அமுக்கினேன்.

பாட்டு வரவில்லை. பட்டனுக்குப் பக்கத்திலிருந்து நூல் மாதிரி ஒரு புகை வந்தது. எரிந்த வாடை. வயரைப் பிடுங்கினேன். அவ்வளவுதான், எல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரம்.

அந்த நேரத்தில் என் மனைவி மதியச் சோறு கொண்டு வந்தாள். அவள் எட்டாவது படித்தவள். அதை அவள் சொல்லிக் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை.

"என்னுங்க, என்னமோ தீயுது?"

"டேப்பு போச்சு. சிங்கப்பூர்ல எவனோ ஏமாத்திட்டான். உள்ளயே கெட்டுப்போன சாமான்" என்றேன். சொல்லும்போதே அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது. பண்ணைக்காரர் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். நான் இதைச் சொன்னால் மறுகேள்வி கேட்கமாட்டார். என் பேரும் கெடாது.

அவள் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு மேஜையில் கிடந்த பழைய ரேடியோவைப் பார்த்தாள்.

"இது பாடுச்சுங்களா?"

"வரும்போது பாடிக்கிட்டுத்தான் வந்துச்சு."

"பழசு பாடுச்சு. புதுசு புகையுது. ரெண்டுக்கும் ஒரே வயருதானுங்களே. அப்ப வயரு போற எடத்தப் பாக்காம பொட்டிய எதுக்குங்க திட்டறீங்க?"

"பல்பு எரிஞ்சுது புள்ள. இத பாரு." எரித்துக் காட்டினேன்.

"வயரை மாத்திப் புடிச்சாலும் எரியுமுங்களே அது" என்றாள்.

மாற்றிப் பிடித்தேன். எரிந்தது. இருபது வருடம் என் பையில் இருந்த பல்பு அது. கரண்ட் இருக்கிறதா என்றுதான் அதைக் கேட்டிருக்கிறேனே தவிர, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டாலும் அதற்குச் சொல்லத் தெரியாது.

லாரிக்கு பேட்டரி வெளியில் தெரியும். இந்தக் காருக்கு சீட்டுக்குப் பின்னால், கம்பளத்துக்கு அடியில் ஒரு மூடி போட்டு மறைத்து வைத்திருந்தார்கள். அதைத் திறந்தேன். இங்கிலீஷில் ஏதோ எழுதிய ஒரு சின்னத் தகடு. அதற்குக் கீழே பேட்டரி. நம் வண்டிகளில் மைனஸ் முனையிலிருந்துதான் தடித்த வயர் இரும்புக்குப் போகும். இதில் பிளஸ் முனையிலிருந்து போயிருந்தது. வண்டி முழுவதும் தலைகீழ். அவள் தகட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதிலும் அதையேதான் எழுதியிருந்தார்கள்.

சோற்றைத் திறக்கவில்லை. அவளும் சாப்பிடச் சொல்லவில்லை.

"அவுரு வந்தா என்ன சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான் பேட்டரியின் மூடியை எடுத்துப் போட்டு மூடினேன்.

"சாமான் கெட்டதுன்னு சொன்னீங்கன்னா அந்தக்கா பொறந்த ஊட்டுக்கு இனி இந்தச் சென்மத்துல போவ முடியாதுங்க."

பண்ணைக்காரர் எலுமிச்சம்பழத்தோடும் ஒரு முழம் பூவோடும் வந்தார். நான் பட்டறை ஆட்கள் காதில் விழாத மாதிரி மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். வாய் லாரிக்காரன் வாய், சத்தமாகத்தான் வந்தது.

"டேப்பு புகைஞ்சு போச்சுங்க. உங்க மச்சினன் கொடுத்தது நல்ல சாமானுங்க. நான்தான் வயரைத் தலைகீழாக் குடுத்துட்டனுங்க."

அவர் பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

"நெசமாத்தான் சொல்றீங்களா? அவனக் காப்பாத்தறீங்களா?"

"அவரை நான் பாத்ததுகூட இல்லீங்க."

"நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

ஆசாரிகள் பட்டறையில் ரம்பச் சத்தம் நின்றிருந்தது. ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அதை எல்லாரும் இப்போது கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கெழம காலையில வருவேன்" என்றார் அவர். "பாடுதோ பாடலியோ, அவன்கிட்ட நடந்தத நீங்களே சொல்லோணும். நான் சொன்னா நம்பமாட்டான். நானா இருந்தாலும் நம்பமாட்டேன்." காரை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். பழத்தையும் பூவையும் சீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை டேப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் சேலம் போனேன். அங்கே கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருவர் இருந்தார். திறந்து பார்த்து, மிளகு அளவு ஒரு சாமானைக் கிடுக்கியால் எடுத்துக் காட்டினார். கரண்ட் தப்பான பக்கமிருந்து வந்தால், தான் எரிந்துபோய் மற்றதைக் காப்பாற்றுவதற்கென்றே அதை வைத்திருக்கிறார்களாம். அந்த இடத்தில் புதிதாக ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, "வயரை உடனே பிடுங்கினதால பிழைச்சுது" என்றார். அந்தக் கை வேகம் என்னுடையது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை, சொன்னேன். அவர் தலையைத் தூக்காமல், "கொடுத்த கையும் உங்களுதுதானே" என்றார்.

சனிக்கிழமை முழுவதும் காரைத் திருப்பினேன். ஆம், காரையேதான். டேப்புக்காக வயரை மட்டும் மாற்றி ஒப்பேற்றியிருக்கலாம். ஆனால் நாளைக்கு இன்னொருவன் என்னை மாதிரியே பல்பை எடுத்துக்கொண்டு வருவான். பேட்டரியைத் திருப்பி வைத்தேன். பிளஸ் முனை தடி, மைனஸ் முனை ஒல்லி, அதனால் கிளாம்புகளையும் மாற்றினேன். டைனமோவுக்குப் புதுத் திசையைக் காட்ட வயரை ஒரு தொடு தொட்டு எடுக்க வேண்டும், அது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். சார்ஜ் காட்டுகிற மீட்டரின் முள் எதிர்ப்பக்கம் ஓடியது, அதன் வயர்களையும் மாற்றினேன். சேலத்திலோ கோயமுத்தூரிலோ படித்த எவனும் அந்தக் காருக்கு ஒரே நாளில் இதைச் செய்திருக்கமாட்டான். இதை நான் இன்றைக்கும் சொல்வேன்.

அந்த முறை மட்டும் ரகசியமாக ஓட்டிப் பார்க்கவில்லை. பிளஸ், மைனஸ் பிரித்துக் காட்டும் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி வயரின் திசையை மூன்று தடவை அளந்தேன். பட்டனைத் தொடவில்லை.  

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் நேராக என் கடைக்கே வந்துவிட்டார். அக்கா புருஷன் அழைத்து வந்திருந்தார். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஐந்தடி தள்ளி நின்றார்கள். மச்சினன் மெலிந்த ஆள். சிங்கப்பூர் கைக்கடிகாரம் கையில் ஆடியது. நான் நடந்ததைச் சொன்னேன். பல்பிலிருந்து புகை வரை எதையும் விடவில்லை.

"அதாவது எரிஞ்சிருச்சு" என்றார் அவர்.

"எரிஞ்சுதுங்க."

"எரிஞ்சும் பாடுமா?"

"பாடோணுமுங்க. இன்னும் அமுக்கலீங்க. முதல் பட்டன் உங்க மச்சானுது."

பண்ணைக்காரர் புதிதாக வாங்கி வந்த பூவைக் கண்ணாடியில் சுற்றினார். பழத்தை டயருக்கு வைத்தார். உள்ளே உட்கார்ந்து, பட்டன் மேல் விரலை வைத்தவர், அதை எடுத்துவிட்டார்.

"நீயே அமுக்கு மாப்ள. சீரு கொண்டாந்தவன் நீதானே."

மச்சினன் மறுபக்கம் சுற்றி வந்து உட்கார்ந்தார். அந்தக் காரில் தள்ளி உட்கார இடமில்லை. தோளோடு தோள் இடித்தது. அவர் அமுக்கினார். முதலில் நாதஸ்வரம், பிறகு முருகன் பாட்டு. 

"ஜப்பான்காரன் செஞ்சது மச்சான்" என்றார் மச்சினன். "தீய வெச்சாலும் பாடும்."

"அதான் நாமக்கல்லுல தீய வெச்சே பாத்தாச்சே" என்றார் பண்ணைக்காரர். ஆசாரிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு சுற்றுப் போனார்கள். கூரையை மடித்துவிட்ட கார், காற்று அத்தனையையும் வாரிக்கொண்டு போயிருக்கும், ஒரு சொல் காதில் விழுந்திருக்காது. கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, என் கடைக்கு எதிரே புளியமரத்து நிழலில் நிறுத்தினார்கள். இஞ்சினை அணைத்தார்கள். இறங்கவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் மச்சினன் கேசட்டைத் திருப்பிப் போட்டார். விருந்து ஆறுகிறது என்று வீட்டிலிருந்து ஆள் வரும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.