முனியாண்டி பேர் வெட்டிய மூடி

குணா அண்ணே போய்விட்டார். நேற்று விடியற்காலை, ஹார்ட் அட்டாக். ஈப்போ பக்கத்தில் பத்து காஜா என்கிற ஊரில், அவர் வீட்டிலேயே.

ஈப்போ வாட்ச் நண்பர்கள் ஆளாளுக்கு ஃபேஸ்புக்கில் அவர் படத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்… லெஜண்ட், குரு, தங்கமான மனசு. போடட்டும். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. செத்துவிட்டார் என்பதற்காக இன்று திடீரென்று பிடித்துவிடாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவரும் நானும் ஒரே கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். ரெண்டு பேருக்கும் வாட்ச் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போ ஓல்ட் டவுன் பக்கம் ஒரு காப்பிக் கடையில் குரூப் கூடும். மேஜையில் துணி விரித்து, கொண்டுவந்த வாட்சையெல்லாம் அடுக்குவோம். காப்பி ஆறிப்போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நான் முதலில் போன அன்று அங்கே பெண் நான் ஒருத்திதான். அண்ணே என் வாட்சை நுனிவிரலால் தூக்கிப் பார்த்தார்.

"பொம்பளைக்கு எதுக்கும்மா சாவி கொடுக்கிற வாட்ச்? பேட்டரி போட்டது ஒண்ணு வாங்கிக் கட்டிக்கோலா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த வாரமும் போனேன்.

அவருக்கு எல்லாமே ஒரிஜினலாக இருக்க வேண்டும். பாலிஷ் போடக் கூடாது, முள்ளை மாற்றக் கூடாது, ஒரு கீறலைக்கூடத் தொடக் கூடாது. தாப்பாவிலிருந்து வந்த ஒருவர், பாவம், பழைய டயலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்துவிட்டார். "பொணத்துக்கு பவுடர் போட்டு கொண்டாந்திருக்கான் பாரு" என்றார் அண்ணே, அவர் முகத்துக்கு நேராகவே. அந்த ஆள் அதற்குப் பிறகு வரவே இல்லை.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் எங்க அப்பாவின் வாட்சைக் கொடுத்தேன்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் காலமெல்லாம் மரம் சீவியவர். தோட்டத்தில் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவதற்கு முன்னால் துரை கையால் அவருக்குக் கிடைத்த வாட்ச் அது. பின்மூடியில் இங்கிலீஷில் பேர் வெட்டியிருக்கும். முனியாண்டி.

அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இப்போது சர்க்கரையில் கண்ணும் போய்விட்டது. தினமும் சாவி கொடுக்கும்போது கட்டைவிரலால் மூடியைத் தடவுவார். முதல் எழுத்து ரெண்டு மலை சேர்ந்த மாதிரி இருக்கும்… அதை வைத்துத் தன் பேர் என்று தெரிந்துகொள்வார்.

அந்த வாட்ச் நின்று நின்று ஓடியது. "நானே பிரிச்சு சுத்தம் பண்ணித் தாரேன்" என்று அண்ணே வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பி வந்தபோது நன்றாகத்தான் ஓடியது. பின்னால் மட்டும் பளபளவென்று வேறு மூடி.

"பழசு துரு பிடிச்சு ஓட்டை விழுந்துருச்சு. புவாங் பண்ணிட்டேன்லா."

குப்பையில் போட்டுவிட்டாராம்.

அப்பா வாங்கித் தடவினார். திருப்பித் திருப்பித் தடவினார். "இது என்னோடது இல்லம்மா" என்று மேஜையில் வைத்துவிட்டார். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அதற்குப் பிறகு கட்டவே இல்லை. வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கொஞ்ச நாளில் அண்ணே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் போட்டார். அதே மாடல் வாட்ச், அவருடையது. பின்னால் முனியாண்டி. 'தோட்டத்து வாட்ச், ஒரிஜினல் மூடியோடு, தெலுக் இந்தானில் கிடைத்தது' என்று கீழே எழுதியிருந்தார்.

அது எங்க அப்பா பேர் என்று எழுதினேன். உடனே என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார். இன்று லெஜண்ட் என்று எழுதும் அத்தனை பேரும் அதைப் பார்த்தீர்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

நேற்று மத்தியானம் சாவு வீட்டுக்குப் போனேன். அப்பாவின் வாட்சைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.

ஹாலில் கிடத்தியிருந்தார்கள். வெள்ளை ஜிப்பா, நெற்றி நிறைய திருநீறு… இடது கையில் அந்த வாட்ச்.

அவர் மனைவி ராணி அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"அக்கா, அந்த வாட்ச் மூடியில எங்க அப்பா பேரு இருக்கு. எரிச்சிட்டா போயிரும்."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"வீட்டுல இருக்கிற அத்தனை வாட்சுக்கும் கதை சொல்வாரு. இத பத்தி கேட்டா மட்டும் எந்திரிச்சு போயிருவாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீயே கழட்டிக்க."

கழற்றினேன். அவர் கை விறைத்திருந்தது, வார் லேசில் வரவில்லை. அண்ணேவின் தங்கச்சி, "இதுக்கா வந்த?" என்றார். ஆமாம், இதுக்குத்தான் வந்தேன்.

வாசலில் போட்டிருந்த கூடாரத்தில் உட்கார்ந்தேன். மூடியை நெம்பித் திறக்கும் சின்னக் கத்தி எங்களைப் போன்றவர்கள் பையில் எப்போதும் கிடக்கும். ரெண்டு வாட்சையும் திறந்து மூடியை மாற்றினேன். அந்தப் பளபள மூடியை அவர் வாட்சில் அழுத்தி, உள்ளே போய் அவர் கையிலேயே கட்டிவிட்டேன். பழக்க தோஷம்… சாவியும் கொடுத்துவிட்டேன். சுடுகாட்டுக்கு வேன் கிளம்பும்போது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அப்பா கையில் வைத்தேன். கட்டைவிரல் மூடிக்குப் போனது. அங்கேயே நின்றது.

"எங்கேம்மா கிடைச்சிச்சு?"

அவர் முகத்தைப் பார்த்தபின் நடந்ததைச் சொல்ல மனசு வரவில்லை. "குணா அண்ணே உங்களுக்குன்னு தேடி எடுத்து வெச்சிருந்தாராம், ராணி அக்கா கொடுத்தாங்க" என்றேன்.

"நல்ல மனுசன்லா. சாவுக்கு என்னையும் கூட்டிட்டு போயிருக்கலாமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று காலையிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அப்பாவுக்குக் குணாவின் நல்ல குணத்தைப் பற்றித்தான் பேச்சு.

கருமாதிக்குக் கட்டாயம் போக வேண்டுமாம். கூட்டிக்கொண்டு வருவேன். அப்பா உள்ளே வந்து கும்பிடட்டும், நான் காரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

போங்க, அண்ணே.