தடைக்காலத்தில் இருபது கோழிகள்

அன்று காலை கோழிக் கொட்டகைக்கு முன்னால் நின்றவர்கள் மூன்று பேர்: அம்மா, எட்டு மாத வயிற்றோடு அக்கா, நான். அப்பா இல்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகளைக் காசிமேட்டில் வரிசையாகக் கட்டிப்போட்ட மறுவாரமே, கேரளக் கரையில் படகு வேலை இருக்கிறது என்று ரயிலேறிவிட்டார். அக்காவின் கணவரும் அதே ரயிலில் போயிருந்தார். நாங்கள் மூவரும் கொட்டகைத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரண்டு பெட்டைகள் காலை நீட்டிக்கொண்டு கிடந்தன.

"நேத்து சாயந்தரம் கூட நல்லா மேஞ்சிகினு இருந்துச்சே" என்றாள் அம்மா.

"வெயிலு" என்றேன் நான். தெரிந்தவன் போலத்தான் சொன்னேன்.

அந்தக் கோழிகள் அம்மாவுடையவை. எண்ணூரில் எங்கள் குப்பத்து வீட்டுக்குப் பின்னால், எண்ணெய்க் குழாய் போகிற மேட்டுக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் உள்ள கொஞ்ச இடத்தில், உடைந்த மீன் டப்பாக்களை அடுக்கிச் சுவராக்கி, மேலே கிழிந்த இழுவலையை விரித்துப் பருந்துக்கும் காக்கைக்கும் தடுப்பு வைத்து, இரண்டு வருடத்தில் இருபது உருப்படி சேர்த்திருந்தாள். அப்பாவின் பணம் வரும், போகும். கோழி மட்டும் அவள் கணக்கு. அந்த வருடம் அவற்றுக்கு ஒரு வேலை வைத்திருந்தாள். ஒன்பதாம் மாதம் அக்காவுக்கு வளைகாப்பு. யாரிடமும் கை நீட்டாமல், கோழியை விற்றே அதைச் செய்வது என்று அக்காவின் மாமியாரிடமே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கு வேறு வழி இல்லை.

எனக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான் ஒருவன்தான். பி.காம். முடித்து, துறைமுகத்துப் பக்கம் நாலைந்து கம்பெனிகளில் மனு கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிடுகிற சோற்றுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, கத்திரி வெயிலில் கோழிகளைக் காப்பாற்றும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். போனில் தேடித் தேடிப் படித்தேன். கொட்டகைத் தகரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன். நான்கு பக்கமும் கோணி கட்டி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை நனைத்தேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் அந்த ஈரக் கோணியில் படிந்து சேறாகும். அதைத் தட்டிவிட்டு மறுபடி நனைப்பேன். அம்மா வழக்கமாக வைக்கும் நீராகாரத்தை நிறுத்தினேன்.

"புளிச்ச தண்ணில கிருமி வரும்மா. உப்பும் சர்க்கரையும் கலந்து வெக்கணும். மனுசனுக்கு வெயில்ல குடுக்கறாங்கல்ல, அதே மாதிரி."

"படிச்சவன் சொல்ற. செய்யி" என்றாள். கிண்டல் இல்லை. அப்படியே நம்பினாள்.

கோழிகள் அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தன. பானை வைத்த அரைமணியில் காலியாகும். நான் மறுபடி கலந்து வைப்பேன். குடிக்கக் குடிக்க எனக்குச் சந்தோஷம்.

முதல் நாள் இரண்டு. மறுநாள் மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று. கழிச்சல் தண்ணீராகப் போனது. சேவல் ஒன்று நடக்க முடியாமல் காலை மடித்து உட்கார்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. மூன்றாம் நாள் காலையில் அதுவும் போயிற்று. ஆறு போக, பதினான்கு.

எதிர் வீட்டு அத்தை வாசலிலேயே நின்றுகொண்டாள். அவளிடமும் எட்டுக் கோழி உண்டு.

"இது வெள்ளக் கழிச்சலு. வந்துச்சுன்னா ஒண்ணு வுடாது. எங்க வூட்டாண்ட வராம பாத்துக்கோ."

"வெயிலுன்றான் இவன்" என்றாள் அம்மா.

"வெயிலு உங்க வூட்டு மேல மட்டுமா அடிக்குது? எனுக்குந்தான் கோழி கீது. ஒண்ணுக்காவது இன்னா ஏதுன்னு ஆச்சா?"

அத்தையே கோழி வியாபாரிக்குப் போன் போட்டுக் கொடுத்தாள். அவர் ஸ்பீக்கரில் பேசினார். "நோய்க் கோழின்னா நூத்தம்பதுக்கு மேல தர முடியாதுக்கா. நாலு மணிக்கு வரேன். அதுக்குள்ள இன்னும் ரெண்டு வுழுந்தா அதுங்கள எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." நல்ல கோழியென்றால் ஐநூறு போகும்.

அம்மா என்னைப் பார்த்தாள். "மாதவரத்துல கோழி டாக்டரு கீறாங்கன்னு சொன்னியே. போய்ட்டு நாலு மணிக்குள்ள சேதி சொல்லு. நோயில்லன்னா ஒண்ணு கூடத் தரமாட்டேன். நோயின்னா எல்லாத்தையும் தள்ளிடறேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா போதும்."

காலையில் செத்த சேவலை மீன் வைக்கும் தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் போட்டு மூடினேன். ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர். அங்கிருந்து மணலி வழியாக மாதவரம் பஸ். பக்கத்து சீட்டுக்காரர் பெட்டியை முகர்ந்து பார்த்தார்.

"தடைக்காலத்துல இன்னா மீனு தம்பி?"

"கோழிண்ணே."

"கோழிக்கு எதுக்குப்பா ஐஸு, கூலா போவட்டும்னா?"

சிரித்து வைத்தேன். பெட்டியை மடியில் அழுத்திப் பிடித்திருந்தேன்.

கால்நடை மருத்துவமனையில் சீட்டு வாங்கி என் முறை வருவதற்குள் ஒரு மணி ஆகிவிட்டது. மருத்துவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்த பெண். கையுறை மாட்டிக்கொண்டு சேவலின் வயிற்றைக் கீறினார். உள்ளே அளவுக்கு மீறி நீர் கோத்திருந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தீனி என்ன போடுறீங்க?"

"கம்பு, குருணை, கருவாட்டுத் தூளு."

"கருவாடா? எப்பவுமேவா?"

எப்போதும் இல்லை. மற்ற மாதங்களில் அப்பா கொண்டுவரும் மீன் கழிவுதான், தலையும் குடலும். படகு ஓடாததால் அது நின்றுபோயிருந்தது. கருவாட்டுக்காரப் பெண்கள் பாய் உதறும்போது கொட்டுகிற தூளை அம்மா வாரிக்கொண்டு வந்து போட ஆரம்பித்திருந்தாள்.

"தண்ணி?"

லாரித் தண்ணீர் ஒரு வாரமாக ஒழுங்காக வரவில்லை. வந்ததை அக்காவுக்கும் சமையலுக்கும் வைத்துக்கொண்டு, கோழிக்குக் கைப்பம்புத் தண்ணீர்தான். எங்கள் பக்கத்துக் கைப்பம்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது.

"அதுல வேற ஏதாவது கலந்தீங்களா?"

"உப்பு, சர்க்கரை."

"எவ்வளவு உப்பு?"

"குடத்துக்கு ஒரு கை. கல் உப்பு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "இது நோய் இல்லைங்க. உப்பு ஏறிப்போச்சு. தீனியில உப்பு, தண்ணியில உப்பு, அதுக்கு மேல நீங்க ஒரு கை. தாகத்துல குடிக்கும், குடிச்சா இன்னும் தாகம் எடுக்கும். இன்னைக்கே கருவாட்டை நிறுத்துங்க. நல்ல தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா வைங்க. இப்ப நிக்கிறதுல நிறைய பொழைச்சிடும்."

பொழைச்சிடும் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. வெளியே வந்து போனை எடுத்தேன். மணி இரண்டே கால். அக்காதான் எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"நோயா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு நைனா."

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அடுத்த கேள்வி, அப்புறம் எதனால் என்று வரும். எதிர் வீட்டு அத்தை பக்கத்திலேயே நிற்பாள். எங்கள் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். நான்தான், நான் கலந்த தண்ணீர்தான் என்று அத்தனை பேர் காதில் விழச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வியாபாரி நாலு மணிக்குத்தானே வருவார். மூன்றரைக்குள் வீட்டில் இருப்பேன். முதலில் அந்தப் பானையைக் கொட்டிவிட்டு, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

"வந்து சொல்றேம்மா" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

மணலியில் டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பஸ் நகரவில்லை. எஞ்சின் சூடு காலில் ஏறியது. டிரைவர் அணைத்துவிட்டு இறங்கிப் போய் டீ குடித்தார். மூன்று. மூன்றே கால். பெட்டியில் ஐஸ் உருகி என் பேண்ட் நனைந்தது. அப்போதாவது போன் செய்திருக்கலாம். இதோ நகரும், இதோ நகரும் என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்குத்தான் அக்காவின் எண்ணை அழுத்தினேன்.

"அக்கா, கோழியக் குடுக்க வேணாம்னு சொல்லு. நோயில்ல."

"வண்டி போயி அர மணி நேரம் ஆச்சேடா" என்றாள் அக்கா. "நீ பேசி வெச்ச ஒடனே அம்மா அவருக்குப் போன் பண்ணிச்சு. சீக்கிரம் வாங்க, நோய்தான், ஒளிக்கலன்னு சொல்லிச்சு."

வீட்டுக்குப் போனபோது அம்மா காலிக் கொட்டகையின் தரையைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டு அத்தை இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கருவாடு, கைப்பம்பு, ஒரு கை உப்பு. இரண்டே கால் மணிக்கே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். துடைப்பத்தை நிறுத்தாமல் கேட்டாள்.

"தெரிஞ்சிகினேதான் வந்து சொல்றேன்னியா?"

"ஆமா."

"வந்து சொல்றேன்னா நம்ம வூட்ல இன்னாடா அர்த்தம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் எங்கள் குப்பத்தில் அதை யாரும் போனில் சொல்ல மாட்டார்கள். என்ன ஆச்சு என்று வீட்டுப் பெண்கள் கேட்டால், கரையிலிருந்து வரும் பதில் இதுதான்: வந்து சொல்றோம். சித்தப்பா போனபோதும் அப்படித்தான் சொன்னார்கள். நல்ல செய்தி என்றால் எங்கள் ஆட்கள் போனிலேயே கத்திச் சொல்லிவிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

"நான் கருவாடு போட்டேன், நீ உப்பு போட்ட. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேக்கல. அத்த வுடு" என்றாள். "ஆனா இல்லன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாடா உனுக்கு?"

நான் வியாபாரிக்குப் போன் செய்தேன். போகும் வழியிலேயே தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் இறக்கிவிட்டாராம். நோய் இல்லை என்றதும், "அப்டியா தம்பி, சந்தோசம்" என்றார்.

அக்கா எனக்குச் சோறு போட்டாள். வளைகாப்புக்கு அம்மா தன் தோட்டை அடகு வைக்க வேண்டியிருக்கும் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. அம்மா கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்து, எழுதத் தெரியாத விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள். செத்த ஆறுக்கு மூவாயிரம். விற்ற பதினாலில் ஒவ்வொன்றுக்கும் முந்நூற்றைம்பது நஷ்டம், நாலாயிரத்துத் தொள்ளாயிரம். அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஆட்டோ, பஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, ஐஸ் எல்லாம் சேர்த்து நூற்றுப் பத்து என்றேன். அதையும் கூட்டிக்கொண்டாள். எட்டாயிரத்துப் பத்து ரூபாய்.