நிழல் விழாத நாள்

என் மகன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு மீன் வளர்க்கப் போனபோது, நாங்கள் குடியிருக்கும் லேக் மார்க்கெட்டில் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் நானே சொல்லிச் சிரித்தேன். "இத்தனை வருஷம் இவன் அடுத்தவன் தூண்டில்ல மாட்டிக் கிடந்தான். இப்ப இவன் பிடிக்கப் போறானாம்."

கொல்கத்தாவின் கிழக்கு ஓரத்தில் இருந்தது அந்தக் குளம். அங்கே பேரி என்பார்கள். ஊர்ச் சாக்கடைத் தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் வந்து நிற்கும். மதகைத் திறந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டால் வெயில் அதைப் பச்சையாக்கும். அந்தப் பச்சையைத் தின்று ரோகுவும் கட்லாவும் கொழுக்கும். தீவனம் வாங்கவே வேண்டாம்.

"காளிகாட்ல குளிக்கிறவனும், அலிப்பூர்ல கை கழுவுற ஜட்ஜும் உன் மீனுக்குத்தாண்டா சோறு போடுறாங்க" என்பேன்.

வெயில் இல்லாவிட்டால்தான் வினை. சாக்கடை சாக்கடையாகவே நிற்கும், மீனுக்கு மூச்சு முட்டும். அதனால் அங்கே வேலை பார்த்த வங்காளிப் பெரியவர், நாங்கள் காகா என்று கூப்பிடுகிறவர், கரைமேல் நின்று தன் நிழலைப் பார்ப்பார். நிழல் அழுத்தமாக விழுந்தால்தான் மதகில் கை வைப்பார்.

சுற்றியிருந்த குளங்களில் ஒவ்வொன்றாக மண் கொட்டி மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். துர்கா பூஜைக்கு நல்ல மீன் வந்தால் குளத்தை இன்னும் மூன்று வருஷம் குத்தகைக்கு விடுகிறேன், இல்லையென்றால் மண் லாரிதான் என்று நிலக்காரர் சொல்லியிருந்தார். பூஜை நெருங்கும்போது நாலு நாள் ஒரே மூட்டம். மதகைத் திறக்காமல் மீன்கள் இளைத்துவிட்டன. காகா மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார்.

அன்று மத்தியானம் சோறு கொண்டுபோனேன். மகன் மதகுக் கொட்டகைக்குள் குனிந்து திருகுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

"அம்மா, நிழல் விழுதான்னு பாரு."

வானம் லேசாக வெளுத்திருந்தது. காலடியில் ஏதோ கறுப்பாக இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"விழுதுடா. உன் பொண்டாட்டி சமையல்ல என் நிழலுக்கே இடுப்பு பெருத்துப்போச்சு."

அவன் சிரித்துக்கொண்டே திருகைச் சுற்றினான். கறுப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியது. வெளியே வந்தவன் தரையைப் பார்க்கவில்லை. அதான் அம்மா பார்த்தாயிற்றே. கிழிந்த வலையைத் தைக்க அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தேன். நான் இருந்தேன், நிழல் இல்லை. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால், முதலில் சொன்னது விளையாட்டு என்று ஒத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தண்ணீர் என்ன செய்துவிடப் போகிறது என்று டிபன் கேரியரைப் பிரித்து வைத்தேன். சாயங்காலம்தான் அவன் மதகை மூடினான்.

மறுநாள் விடிந்ததும் நானும் வருகிறேன் என்றேன்.

"உனக்கென்ன அங்க?"

"வீட்ல உன் பொண்டாட்டி மூஞ்சியையே எவ்வளவு நேரம் பாக்குறது?"

அவன் சிரிக்கவில்லை.

கரை மூங்கில்களில் கொக்குகள் சத்தமே இல்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள். மழை பெய்கிறது என்று நினைத்துக் கையை நீட்டினேன். கையில் ஒரு சொட்டு விழவில்லை. அத்தனையும் மீன் வாய்கள்.

ஊரிலிருந்து திரும்பியிருந்த காகா முழங்கால் தண்ணீரில் நின்று, காற்று ஏறட்டும் என்று மூங்கிலால் அடித்துக் கலக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார்.

"நிழலைப் பாத்தது யாரு?" என்று வங்காளத்தில் கேட்டார்.

மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் காகா."

ஊரில் எல்லாரையும் வாயாலேயே மடக்குகிறவள் நான். அந்தப் பொய்யை அவன் தலையிலேயே விட்டுவிட்டேன்.

"இப்ப வெயில் அடிச்சா பாதியாவது பிழைக்கும்" என்றார் காகா.

எதிர்க்கரையில் மண் ஏற்றிய ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் என்ஜினை அணைக்கவில்லை. மகன் இன்னொரு மூங்கிலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். நான் காலடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு வெயில் வரவில்லை.