குறை தீர்ந்த கோழி

திருப்பத்தூரில் சாமை அரைக்கும் மில்லைக் கடக்கையில் உமி வாசனை மூக்கில் ஏறினால், சாலையை அகலப்படுத்தியபோது இடிபட்டுப்போன, மலைமேல் இருந்த எங்கள் புதூர்நாட்டு வீட்டின் அடுப்படி மூலையும், அங்கே உமி பரப்பிய கூடைக்குள் கால்கள் பக்கத்துக்கொன்றாக விரிந்து, வயிற்றாலேயே ஊர்ந்துகொண்டிருந்த கோழிக்குஞ்சும் எனக்கு நினைவு வந்துவிடும்.

பொரித்த அன்றே தாய்க்கோழி அதைக் கொத்தித் தள்ளியது. எங்கள் மலையில் ஊனமுள்ள கோழியை அம்மனுக்கு அறுக்க மாட்டார்கள். அப்பா எட்டிப் பார்த்து, "இது சாமிக்கும் ஆவாது, சந்தைக்கும் ஆவாது. வுட்டுடு" என்றார்.

நான் விடவில்லை. பழைய புடவைக் கரையைக் கிழித்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, ஊறவைத்த சாமை நொய்யை விரல்நுனியில் ஊட்டி, கீச்சுக்குரல் ஓய்ந்தால் பதறிப்போய்க் கூடைக்குள் கையை விட்டுச் சூடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். கட்டை அவிழ்த்ததும் அது தள்ளாடி எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து என் பின்னாலேயே வாசல்வரை வந்தது.

அம்மன் திருவிழாவுக்குள் அது சிவந்த கொண்டைச் சேவலாகிவிட்டது. அம்மா மஞ்சள் தண்ணீரோடு நிற்க, அப்பா அதைத் தூக்கிக் கால்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தார். கைக்குப் பழகிய சேவல் சிறகடிக்கவேயில்லை.

"ஒரு கொறையும் இல்ல. நல்லா வளத்துக்கீற" என்றார். அப்பா என்னை வாயாரப் பாராட்டியது அந்த ஒருமுறைதான்.