எலும்பை எடுத்துவிட்ட பீன்ஸ்

கிராதோவோ ஊரில் கல்பாலத்தை ஒட்டிய தன் வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ரத்காவுக்கு ஒரே ஒரு பெருமைதான். பதினோரு வருடத்தில் அவள் மேசையிலிருந்து யாரும் பசியோடு எழுந்ததில்லை. எதிர்வீட்டு லென்காவும் அறை விடுகிறவள்தான். அவளிடம் இதை வாரம் ஒருமுறையாவது சொல்லிக் காட்டாவிட்டால் ரத்காவுக்குத் தூக்கம் வராது.

அந்தப் பெருமைக்கு வேட்டு வைக்க ஒரு திங்கட்கிழமை வந்திறங்கினாள் நெதர்லாந்துக்காரி மரைக்கே. ஊர்ப் பேச்சைத் தட்டுத் தடுமாறிப் பேசுவாள்.

"அத்தை, நான் கறி சாப்பிட மாட்டேன்."

"அதுக்கென்ன கண்ணு, பீன்ஸ் வச்சுடறேன்."

மண்சட்டியில் பீன்ஸ் தளதளவென்று வந்தது. மரைக்கே ஒரு வாய் தின்று கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதுல கறி இருக்கு அத்தை."

"எங்க இருக்கு, காட்டு? வாசத்துக்குப் புகை போட்ட விலா எலும்பு ஒண்ணு போட்டேன். உனக்காகத்தானே அதையும் எடுத்துட்டேன்!"

எடுத்த எலும்பு அடுக்களையில் அவள் கணவன் ஸ்பாசேவின் வாயில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கோழி சூப். "கோழியைப் போய் யாராவது கறின்னு சொல்லுவாங்களா?" என்று ரத்கா நியாயம் கேட்டாள். மரைக்கே ரொட்டியும் தக்காளியும் தின்று எழுந்துகொண்டாள். கோழியும் ஸ்பாசேவுக்கே போனது.

"தங்கமான பொண்ணுடி. ஒரு மாசம் இருக்கட்டும்," என்றான் அவன்.

சாயங்காலம் எதிர் ஜன்னல் திறந்தது. "ஏ ரத்கா, உன் விருந்தாளி பேக்கரி வாசல்ல நின்னு பன்னு தின்னுட்டிருக்காளே, வீட்டுல அடுப்பு எரியலையா?" என்றாள் லென்கா. போதாததற்கு, நாளை மத்தியானமே பஸ் ஏறுவதாக மரைக்கேவும் சொல்லிவிட்டாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு வேளைச் சாப்பாடு.

புதன்கிழமை ரத்கா ஆற்றுமீனை முழுசாகப் பொரித்து வைத்தாள். மீன் கறியில்லையே! மீனின் கண்ணைப் பார்த்த மரைக்கே, ரொட்டி கேட்க அடுக்களைக்குள் வந்தாள். அங்கே கதவுக்குப் பின்னால் நின்றபடி ரத்கா ஒரு சின்னச் சட்டியிலிருந்து தின்றுகொண்டிருந்தாள்.

"அது என்ன அத்தை?"

ரத்கா சட்டென்று மூடினாள். "ஒண்ணுமில்ல கண்ணு, என் நோன்புச் சாப்பாடு. எங்க சர்ச் வழக்கப்படி புதனும் வெள்ளியும் நான் கறி, பால், முட்டை தொடமாட்டேன். இதைப் போய் விருந்தாளிக்கு வைப்பாங்களா? ஊரே காறித் துப்பும்!"

மரைக்கே மூடியைத் திறந்தாள். வெங்காயமும் காய்ந்த மிளகாயும் எண்ணெயும் மட்டும் போட்டு வெந்த பீன்ஸ். நின்றபடியே தின்றாள். கடைசியில் ரொட்டியால் சட்டியைத் துடைத்தும் தின்றாள்.

"அடிப்பாவி! இதுதான் வேணும்னா நோன்புன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே? கறி வேணாம்னா இந்த நாட்டுல ஒருத்தருக்கும் புரியாது. உடம்புக்கு முடியலன்னு நினைச்சு கோழி சூப் வைப்பாங்க. நோன்புன்னு சொன்னா எலும்பைக் கண்ணுலகூட காட்டமாட்டாங்க. மீன் மட்டும் வேணாம்னு தனியாச் சொல்லிடு. நோன்புலயும் சில நாள் மீன் உண்டு."

மரைக்கே பயணத்தை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போட்டாள். ரத்கா ஜன்னலை அகலத் திறந்து, காலிச் சட்டியை வெளியே நீட்டிக் கழுவினாள்.

மறுநாள் ஸ்பாசே தன் தட்டிலிருந்த பீன்ஸை மேலும் கீழும் கிளறிப் பார்த்தான்.

"இன்னைக்கு வியாழன்டி."

"தெரியும். இருக்கிறது ஒரு அடுப்பு. தின்னு."

"அந்தப் பொண்ணு எப்பக் கிளம்பறா?"

"மெதுவாப் பேசுய்யா, லென்காவுக்குக் கேக்கப்போகுது."