மூணாவது கியரை அழுத்தின கை

நான் அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சவ. நாலு பேர் நிக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. எங்க கார் போனதுக்கு அதுவும் ஒரு காரணம்னு இன்னிக்கும் நினைக்கிறேன்.

பழைய டீசல் கார். என் வீட்டுக்காரர் அதை வாடகைக்கு ஓட்டினார். திருவண்ணாமலைக்கு சாமி கும்பிட வர்றவங்க, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போறவங்கன்னு சவாரி கிடைக்கும். பிள்ளைங்க இல்லாத எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் சோறு. சவாரி இல்லாத நாளில் கடைக்குப் போகும்போது நானும் முன்சீட்டில் உக்காருவேன்.

அப்படிப் போன ஒரு நாள், மாடு குறுக்கே வந்துதுன்னு வண்டியை நியூட்ரலில் நிறுத்தினார். கீழே அம்மியில் மணல் அரைபடுற மாதிரி சத்தம். கிளச்சை மிதிச்சார், சத்தம் நின்னுபோச்சு. காலை எடுத்தார், திரும்ப அரைச்சது.

"ஏதோ சத்தம் வருதுங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

முப்பது வருஷம் டீசல் எஞ்சின் சத்தத்திலயே மந்தமாப்போன காது அது.

கொஞ்ச நாளில் மூணாவது கியரும் நிக்கல. ஆக்சிலேட்டரை விட்டா லிவர் தானா எகிறி நியூட்ரலுக்கு வந்துடும். அவர் இடது கையால் அதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே ஓட்டப் பழகிட்டார். பிடிச்சிருக்கோம்ங்கிறதே அவருக்கு மறந்துபோச்சு.

மேட்டில் வண்டி இழுக்கலைன்னு வேங்கிக்காலில் ஒரு மெக்கானிக்கிட்ட போனோம். "பெரியவரே, வண்டிக்கு உங்க வயசு இல்ல, மூட்டுவலி மட்டும் உங்களுது"ன்னு அவர் சிரிச்சார். "சத்தம் ஏதாவது வருதா?"

"இல்லப்பா."

ஷெட்டில் அஞ்சாறு ஆம்பளைங்க. காத்தடிக்கிற மிஷின் ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். நான் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னேன்.

மெக்கானிக் பக்கத்தில் உக்கார, என் வீட்டுக்காரரே ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தார். திரும்பி வரும்போது பார்த்தேன், கை லிவர் மேலேயே இருந்தது. அப்புறம் கியர் எப்படி எகிறும்? "கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு, கிளச் பிளேட்டுதான் தேய்ஞ்சிருக்கு"ன்னு சொல்லிட்டார் மெக்கானிக். பிளேட்டை மாத்தினாங்க.

வீட்டுக்கு வர்ற வழியிலயே அதே அரைப்பு. சொன்னேன்.

"புது பிளேட்டு போட்டாச்சு, இன்னா சத்தம் வருதாம் உனக்கு? ஏம்மே, உன் காதுக்குத்தான் வைத்தியம் பாக்கணும்."

அதுக்கப்புறம் நான் சொல்லல.

ஒரு மாசம்கூட ஆகல. கீழ்பென்னாத்தூர் ரோட்டில் ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போகும்போது படார்னு ஒரு சத்தம், வண்டி அப்படியே நின்னுடுச்சு. கட்டி இழுத்துக்கிட்டு அதே ஷெட்டுக்குக் கொண்டுபோனாங்க. கியர்பாக்ஸைப் பிரிச்சா ஒரு கை எண்ணெய்கூட இல்ல. இருந்த எண்ணெயிலும் இரும்புப் பொடி மினுக்கிச்சு, உடைஞ்ச பல்லு ரெண்டு மூணு கிடந்தது.

மெக்கானிக் இந்தத் தடவை சிரிக்கல. "அப்பவே பேரிங்கை மாத்தி, எண்ணெய் ஊத்தியிருந்தா போதும். இப்ப உள்ள எல்லாம் போச்சு. இந்த வண்டிக்கு வேற கியர்பாக்ஸ் தேடினாலும் கிடைக்காது." கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டார்: "நியூட்ரல்ல அரைக்கிற சத்தம் வந்திருக்கணுமே பெரியவரே? கிளச்சை மிதிச்சா நின்னிருக்குமே?"

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லப்பா, எங்களுக்கு ஒண்ணும் கேக்கல"ன்னார்.

அப்பவும் நான் வாயைத் திறக்கல. காரை அங்கேயே விட்டுட்டு பஸ்ஸுக்கு நடந்தோம். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்தார்.