விடுதியில் பிடிமண்

தீம் பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டலில், காலை பத்து மணிக்கு மேல் என்னைப் போன்றவர்கள்தான் மிஞ்சுவார்கள். பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் பார்க்குக்குள் போய்விடுவார்கள். மூட்டுவலிக்காரர்கள், தலைசுற்றல்காரர்கள், வெயில் ஆகாதவர்கள், பைகளுக்குக் காவல் இருப்பவர்கள் என்று ஒரு கூட்டம் கீழே வரவேற்பு அறை சோபாக்களில் கிடக்கும். கொச்சிக்குப் பக்கத்தில் அந்த ஓட்டலில் அன்றைக்கு அப்படி ஏழு பேர் இருந்தோம். ஐந்து பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கண் சொருகியது. ஆனால் நான் தூங்க முடியாது. என் மடியில் எங்கள் குலசாமி இருந்தது.

எங்கள் ஊர் கம்பம் பக்கத்து மார்க்கையன்கோட்டை. குலசாமி இருப்பதோ செங்கோட்டைக்குப் பக்கத்தில், ஒரு பாறைக் குன்றின் மேல். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் அங்கிருந்து கிளம்பி வந்தவர்கள் ஆடு மாடு, சட்டி பானை எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள், சாமியை மட்டும் விட்டுவிட்டு வந்தார்கள். வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பொங்கல் வைப்போம். என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் போன பிறகு அவளால் குன்று ஏற முடியவில்லை. பானை மேலே போகும், அவள் அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பாள். பானை பொங்கும்போது மேலே பெண்கள் குலவை போடும் சத்தம் கேட்டால், கீழே இவளும் தனியாக ஒரு குலவை போடுவாள். மூன்று வருடம் இப்படி நடந்தது.

நாலாம் வருடம் அவளே கேட்டாள். "பிடிமண் எடுத்தாந்து நம்ம தோட்டத்துல வச்சிருவமே. சாகுறதுக்குள்ள ஒரு தடவ எங்கையால பொங்க வச்சுக் கும்பிட்டுக்கிருவேன்."

பிடிமண் என்பது கோயில் வாசலில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து, நம் இடத்தில் வைப்பது. மண்ணோடு சாமியும் வந்துவிடும். அவள் எதையும் எளிதில் கேட்கிறவள் இல்லை. சரி என்று விட்டேன்.

பயணத் திட்டத்தை மகன் போட்டான். "போன வழியிலயே திரும்பி வர்றது வேஸ்டுப்பா. பிள்ளைகளுக்கும் லீவு. செங்கோட்டையில மண்ண எடுக்குறோம், ஆரியங்காவு வழியா எறங்குறோம், கொச்சியில தீம் பார்க் பாக்குறோம், கோட்டயம், குமுளி, கம்பம்னு வீட்டுக்கு வந்துர்றோம்." நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புறப்பட்ட கல்லுக்கே வந்து முடிகிற கோடு எனக்குப் பிடிக்கும். காகிதத்தில் அந்த வட்டத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நானே சொன்னேன். மண்ணை வட்டத்தின் தொடக்கத்தில் எடுக்கிறோமே, முடிகிறவரைக்கும் அது எங்கே இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பூசாரி துணியை முடிந்து என் கையில் கொடுத்தபோதுதான் உறைத்தது.

"வீடு போய்ச் சேருத வரைக்கும் கீழ வைக்கப்பிடாது, கேட்டியளா. வச்ச எடத்துலயே சாமி இருந்துக்கிடும். இந்தச் சாமியக் கும்பிடுத ஆம்பளையதான் சொமக்கணும். கக்கூசு பக்கம் கொண்டு போவக்கூடாது."

எங்கள் வேனில் டிரைவர் தவிர ஒன்பது பேர். மருமகன் வேறு சாமி கும்பிடுகிறவர். பேரன்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். ஆக, தூக்க வேண்டியவர்கள் நானும் மகனும்தான். கொல்லம் வரைக்கும் அவன், அதற்கு மேல் நான். ஒரு கைப்பிடி மண்ணுக்கு என்ன எடை இருந்துவிடப்போகிறது? ஆனால் கீழே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் எதற்கும் எடை கூடிவிடுகிறது.

ஓட்டலில் இரண்டு அறை எடுத்திருந்தோம். பையன் ஒருவன் ஓடிவந்து எல்லாப் பைகளையும் வாங்கிக்கொண்டு, என் கையில் இருந்ததையும் வாங்கப் பார்த்தான். நான் பின்னால் நகர்ந்தேன். அவன் முன்னால் வந்தான். என் மனைவி குறுக்கே புகுந்து, "அது வேணாம் சாமி, அது சாமி" என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியாமல் இருவரையும் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அறையில் ஒரு ஆணி இல்லை. சுவர் முழுக்கப் பளபளப்பாக இருந்தது. கடைசியில் திரைச்சீலைக் கம்பியில் துண்டால் கட்டித் தொங்கவிட்டோம். ஏசி காற்றில் அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பத்து வயதுப் பேத்தி கட்டிலில் குதித்தபடி அதையே பார்த்தாள்.

"தாத்தா, கீழ வச்சா சாமி இங்கனயே இருந்துக்கிருமா?"

"ஆமா."

"அப்ப வருசா வருசம் இங்க வந்துதான் பொங்க வைக்கணுமா?"

"ஆமா."

"அப்ப வச்சிருங்க தாத்தா!"

"ஏ ஆத்தா, வாய மூடு" என்று என் மனைவி அதட்டினாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சாமிக்கும் சறுக்குல ஏறி விளாடணும்னு ஆசையாத்தான் இருக்கும். மலையில தனியா எம்புட்டுக் காலம் ஒக்காந்திருக்கு."

மறுநாள் காலையில் எல்லாரும் கிளம்பினார்கள். மனைவிக்கும் ஆசை இருந்தது. குன்று ஏற முடியாதே தவிர, சமதரையில் மெதுவாக நடப்பாள். பிள்ளைகள் தண்ணீரில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு துணிமணிக்குக் காவலாக உட்கார்ந்திருக்கலாம் என்றாள். நான் இருந்துகொள்கிறேன் என்றேன். எப்படியும் ஒருவன் இருக்கத்தான் வேண்டும். வீட்டுக்கே இருந்தது ஒரே செல்போன். தண்ணீரில் விழுந்துவிடும் என்று மகன் அதையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். டிரைவர் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு வேனுக்குள் படுத்துவிட்டான்.

பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அது அந்த ஓட்டலின் சட்டம். பார்க் முடிவது மாலையில். இடையில் இருக்கும் பொழுதை என்ன செய்வது என்று ஓட்டல்காரர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பையன்கள் பைகளைக் கீழே இறக்கிச் சோபாவுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். பதினான்கு உருப்படிகள். எண்ணிக்கொண்டேன். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால், மரங்களுக்கு மேலே ஒரு ராட்டினத்தின் உச்சி தெரிந்தது. ஒவ்வொரு முறை அது சுழன்று மேலே வரும்போதும் ஒரு கூச்சல் கேட்கும், இறங்கினால் அடங்கும். அதில் என் பேத்தியின் குரல் இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

எனக்கு இரத்த அழுத்தம். காலையில் போடும் மாத்திரையில் ஒன்று நீர் பிரியச் செய்வது. பயணத்தில் அதைப் போடாமல் விட்டிருக்க வேண்டும். பழக்கத்தில் போட்டுவிட்டேன். அறையில் இருந்தவரைக்கும் கவலை இல்லை, திரைச்சீலைக் கம்பி இருந்தது. கீழே வந்த பிறகுதான் என் நிலைமை எனக்கே தெளிவானது. மூட்டையைக் கீழே வைக்க முடியாது. கழிப்பறைக்குக் கொண்டுபோகவும் முடியாது.

முதலில் தொங்கவிட இடம் தேடினேன். மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடி இருந்தது. அதன் கிளை என் சுட்டுவிரல் எடையைக் கூடத் தாங்கவில்லை. வேனுக்குப் போய் டிரைவரை எழுப்பலாம் என்றால், வேன் எங்கே நிழலில் நிற்கிறதோ. அவனும் நேற்று இரவு கறி தின்றவன். வரவேற்பு மேசையில் கழுத்துப்பட்டை கட்டிய இளைஞன் இருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் சாவி மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. எனக்குத் தெரிந்த மலையாளம் குமுளி எல்லையில் அளவை வேலைக்குப் போனபோது டீக்கடைகளில் கற்றது. அதை வைத்து விளக்கினேன். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, மேசையைத் தட்டி, "இவிடெ வச்சோளூ சார்" என்றான்.

மேசை தரையாகுமா? மேசையின் கால்கள் தரையில்தான் நிற்கின்றன. அப்படிப் பார்த்தால் வேனின் சக்கரமும் தரையில்தான் ஓடியது. ஓட்டலே தரையில்தான் நிற்கிறது. நியாயம் பேசிக்கொண்டே போகலாம். ஆனால் சாயங்காலம் வந்ததும் என் மனைவி கேட்கும் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் பொங்கல் வைக்கும்போதெல்லாம் அந்த மேசை அவள் மனதுக்குள் நிற்கும். வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

என் சோபாவுக்கு அடுத்த நாற்காலியில், தலையில் வெள்ளைத் துணி போட்ட ஒரு கிழவி உட்கார்ந்திருந்தார். தூங்காத ஏழாவது ஆள். மலப்புறம் பக்கத்து முஸ்லிம் குடும்பம். காலையில் எங்கள் ஆட்களை வழியனுப்பக் கீழே வந்தபோது, அவரை அங்கே உட்கார வைத்துவிட்டுப் போனவர்களை எண்ணியிருந்தேன், பதினொரு பேர். விரல்கள் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தன. நான் எழுவதும் உட்காருவதும் காலை மாற்றி மாற்றி நிற்பதும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"அதெந்தா?" என்று மூட்டையைப் பார்த்துக் கேட்டார்.

"மண்ணு. சாமி மண்ணு. கீழே வைக்கப் பாடில்லா."

"மூத்ரம் ஒழிக்கணோ?"

அறுபத்தெட்டு வயதில் எனக்கு வெட்கம் வந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் மணிகளை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"தா. ஞான் பிடிக்காம். நெலத்து வைக்கில்லா."

என் மருமகனிடம் கொடுக்காத மூட்டை அது. பூசாரியின் முகம் ஒரு கணம் வந்துபோனது. அதற்கு மேல் யோசிக்க உடம்பு இடம் தரவில்லை. அவர் கைகளில் வைத்துவிட்டு, காலடியில் இருந்த பையை அவர் நாற்காலிப் பக்கம் தள்ளிவிட்டு நடந்தேன்.

கழிப்பறை சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டி, கொல்லைப்புறம் இருந்தது. அதில் ஒன்று பூட்டிக்கிடந்தது. இன்னொன்றில் ஆள். என் வயதில் போனவுடன் வந்துவிடவும் முடியாது. கைகால் கழுவி, மூட்டையைத் தொட வேண்டுமே என்று வாயும் கொப்பளித்துத் திரும்பி வந்தால், அவர் நாற்காலி காலியாக இருந்தது. 

பிறகுதான் பார்த்தேன். வாசல் கண்ணாடிக் கதவருகே அவர் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் ஆட்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஈரத் தலையோடு பிள்ளைகள் அதற்குள்ளேயிருந்து "வல்லிம்மா, வல்லிம்மா" என்று பாட்டியைக் கூப்பிட்டுக் கத்தின. அவருடைய மகன் அவர் கைப்பையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தான். மேசையைக் காட்டினான். அவர் அசையவில்லை.

"நிக்கெடா. அயாள் வரட்டே."

மூட்டையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் சுளித்து, "எத்ர நேரமாயி!" என்று அதட்டினார். மூட்டை என் கைக்கு வந்ததும் கைகளை உதறிக்கொண்டார். அவருக்கும் முழங்காலில் கோளாறு இருந்தது, வாசல்படி இறங்கும்போது தெரிந்தது. நன்றி சொல்ல மலையாள வார்த்தை நினைவுக்கு வருவதற்குள் வண்டி போய்விட்டது.

எங்கள் ஆட்கள் சாயங்காலம் வந்தார்கள். என் மனைவியின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. "கீழ வைக்கலைல?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"வைக்கல."

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பொங்கல் வைக்கப்போகிறவள் அவள். வேன் கிளம்பியதும் நடந்ததைச் சொன்னேன். மகன் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான். "என்னப்பா இப்படிப் பண்ணிட்டீக? பெறகு எதுக்கு மாப்பிள்ளையவே தொட விடாமச் சொமந்தோம்? திரும்பவும் செங்கோட்டைக்குப் போய்ப் புது மண் எடுக்கணும்னு சொல்லுவாக." மருமகன் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.  மறுபடியும் அந்த வட்டத்தைச் சுற்ற என் உடம்பில் தெம்பு இல்லை.

என் மனைவி என் மடியில் இருந்த மூட்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூவாற்றுப்புழை தாண்டியது.

"அந்தம்மா ஒக்காந்து வச்சிருந்தாகளா, நின்னுக்கிட்டா?"

"வண்டி வந்த பெறகு நின்னுக்கிட்டுத்தான். முட்டி வலியோட."

"பெத்த மகன் கூப்பிட்டும் போகலையா?"

"போகல."

அவள் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அப்ப என்ன? முட்டி வலிக்காரி சொமந்த சாமி, முட்டி வலிக்காரிக்கு வருது. ஏலே, நீ முன்னாடி திரும்பி ரோட்டப் பாரு" என்றாள் மகனிடம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

குமுளியில் டீ குடிக்க நிறுத்தினோம். மகன் மூட்டையை வாங்கிக்கொண்டான். கை காலியானதும் பழக்க தோஷத்தில் பைகளை எண்ணினேன். பதின்மூன்று. மறுபடி எண்ணினேன். பதின்மூன்றுதான். இல்லாதது என்னுடைய பை. வேட்டி, சட்டைகள், கண்ணாடிக்கூடு, மாத்திரைகள். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நான் தள்ளிவிட்ட பை. ஏற்றும்போது எண்ணாமல் விட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

என் மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சாமிய விடாமக் கொண்டாந்துட்டாக. அவுக பைதான் அங்கன குடியேறிருச்சு."

"அப்ப வருசா வருசம் அங்க போகணுமா அப்பத்தா?" என்று பேத்தி தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

"உங்க தாத்தாகிட்டக் கேளு. அவுக பைக்கு அவுகதான் பொங்க வைக்கணும்."

விடியும்போது தோட்டம் வந்து சேர்ந்தோம். பம்புசெட்டுக்குக் கிழக்கே மெழுகி வைத்திருந்த இடத்தில் மகன் மூட்டையை அவிழ்த்து மண்ணை வைத்தான். அன்றைக்கே பொங்கல் வைத்துவிட வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு முக்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டே அடுப்பு மூட்டினாள். என் முழங்கைகள் இன்னும் மடங்கியபடியே இருந்தன, நீட்டினால் வலித்தது. பம்புசெட் அறைக்குள் இருந்த கயிற்றுக் கட்டிலில் ஐந்து நிமிடம் சாயலாம் என்று போனேன்.

குலவைச் சத்தம் கேட்டது. முதலில் அவள் குரல் மட்டும். எழுந்து போக வேண்டும் என்று நினைத்தேன், உடம்பு கேட்கவில்லை. அப்புறம் மருமகள், மகள், பேத்தி, பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் என்று குரல்கள் சேர்ந்தன. எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினேன். அப்படியே தூங்கிப்போனேன்.